வெள்ளையை வாங்குவதா, விடுவதா?

அக்காள் மகள் போன மாதம் ஒரு கேள்வியோடு வந்தாள். “மாமா, கறுப்புப் பேனை வாங்கவா, வெள்ளைப் பேனை வாங்கவா? ரெண்டுக்கும் காசு பத்தாது.” சித்திரப் பாடத்தில் கெட்டிக்காரி. பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு ஏ3 அளவில் ஒரு படம் கொடுக்க வேண்டுமாம். நிறம் கிடையாது, கறுப்பும் வெள்ளையும் மட்டும். மண்டபத்து வாசலில் நின்று பார்த்தாலே கண்ணில் அறைய வேண்டும். கடைக்காரரிடம் கேட்கிற கேள்வி மாதிரிதான் இருந்தது. ஆனால் அவள் உண்மையில் கேட்டது, படத்துக்கு வெள்ளை எங்கிருந்து வரப்போகிறது என்பதை.

கறுப்பு எப்படியும் மையிலிருந்து வந்துவிடும். வெள்ளைக்குத்தான் வழிகள் நாலு. தாளின் வெள்ளையை அப்படியே விட்டுவிடலாம். எதையாவது பூசி மூடிவைத்து, மை காய்ந்தபின் உரித்தெடுக்கலாம். கறுப்பின் மேல் வெள்ளையைக் கொண்டுவந்து வைக்கலாம். இல்லாவிட்டால் கறுப்பைச் சுரண்டி, அடியில் கிடக்கும் வெள்ளையை வெளியே எடுக்கலாம். அவளுக்குப் பதில் சொல்வதற்காக ஒரே காட்சியை நாலு விதமாகவும் வரைந்து பார்த்தேன். இலங்கை மலைநாட்டில், தலவாக்கலைக்கு மேலே எங்கள் பக்கத்து லயம் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) ஒன்று, மழையில் நனைந்த அதன் தகரக் கூரை, பின்னால் மலை, இடையில் மூடுபனி, முன்னால் கவ்வாத்து வெட்டிய (கிளை மட்டும் மிஞ்சக் கத்தரித்த) தேயிலை. நாலு தாளும் இப்போது சுவரில் வரிசையாகத் தொங்குகின்றன. நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம், எனக்கு ஒரு பக்கச் சாய்வு உண்டு.

வழிகளுக்குப் போகுமுன் ஒன்று. இந்த வகைப் படத்தில் வரையாமல் விட்ட இடமும் படம்தான். எதிர்வெளி என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு ‘விட்ட இடம்’ என்பதே போதும். டென்மார்க் நாட்டு உளவியலாளர் எட்கர் ரூபின் 1915இல் வெளியிட்ட படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். ஒரு பூச்சாடி தெரியும், சற்று நேரம் பார்த்தால் எதிரெதிரே இரண்டு முகங்கள் தெரியும். ஒன்றைப் பார்க்கிறபோது மற்றது வெறும் பின்னணியாகிவிடும். மலைநாட்டுக்காரர் இதற்காக டென்மார்க் வரை போக வேண்டியதில்லை. மழைக்காலக் காலையொன்றில் கதவைத் திறந்தால் போதும். எதிர்மலையின் தலை தெரியும், கால் தெரியாது. நடுவே கிரவிலியா மரங்களின் மேல்பாதி மட்டும் மிதக்கும். மூடுபனியை யாராலும் வரைய முடியாது. அதன் மேலேயும் கீழேயும் இருப்பதைக் கறுப்பாக வைத்தால் அது தானாக நடுவில் வந்து நிற்கும்.

இதற்கு முதல் எதிரி வெளிக்கோடு. கூரைக்கு ஒரு கோடு, மரத்துக்கு ஒரு கோடு, மலைக்கு ஒரு கோடு என்று சுற்றிப் போட்டுவிட்டு உள்ளே கறுப்பை நிரப்பினால் கிடைப்பது சின்னப்பிள்ளைகள் நிறம் தீட்டுகிற புத்தகம். நனைந்த தகரம் வெள்ளை, அதன் பின்னால் நிற்கிற மரம் கறுப்பு. இரண்டும் தொடுகிற இடமே விளிம்பு. அங்கே கோட்டுக்கு வேலையில்லை. அதே கூரையின் கீழ் இஸ்தோப்பு (முன் திண்ணை) இருட்டாக இருக்கும், பக்கத்து மரத்தின் நிழலும் இருட்டு. அந்த இரண்டையும் பிரிக்காமல் ஒன்றாக ஓடவிட வேண்டும். சுவர் எங்கே முடிகிறது, மரம் எங்கே தொடங்குகிறது என்று பார்க்கிறவரின் கண் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். பழகாத கைக்கு இது பெரிய பயம். அக்காள் மகளுக்கும் அந்தப் பயம் இருந்தது: “கோடு போடாட்டி வீடு எங்கன்னு எப்படித் தெரியும் மாமா?”

கண்டியில் பிறந்த ஜோர்ஜ் கீட்டின் கோட்டோவியங்கள் மேல் எனக்கு மாளாத ஆசை. ஆனால் அவர் கோட்டின் ஆள். அவருடைய உருவங்களுக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே தாள்தான், நடுவில் ஒரு கோடு வளைந்து ஓடும். இங்கே நாம் பேசுவது திட்டுத் திட்டான கறுப்பைப் பற்றி. அதற்கு 25 வயதிலேயே இறந்துபோன இங்கிலாந்துக்காரர் ஓப்ரி பியர்ட்ஸ்லியைப் பார்க்கலாம், பாரிஸில் 1890களில் மரச்செதுக்குப் படங்கள் செய்த பெலிக்ஸ் வலொத்தோனைப் பார்க்கலாம். வலொத்தோனின் அறைகளில் கறுப்புக் கோட்டுப் போட்ட மனிதர் கறுப்புச் சுவரில் கரைந்துபோவார்; முகமும் கையும் மட்டும் மிஞ்சும். ஆள் முழுதாக அங்கே இருக்கிறார் என்பதில் நமக்குச் சந்தேகமே வராது.

சரி, முதல் வழி. விடுவது.

ஒரு தூரிகை, ஒரு குப்பி இந்தியன் இங்க், தாள். வெள்ளைக்கென்று தனியாக எதையும் வாங்க வேண்டியதில்லை. தாளோடு சேர்த்து வாங்கியாயிற்று. சிக்கல் என்னவென்றால் திரும்பி வர முடியாது. கறுப்பு போன இடம் போனதுதான். அதனால் யோசனை முழுவதும் தூரிகையை நனைப்பதற்கு முன்பே நடக்க வேண்டும். நெருப்புப்பெட்டி அளவில் பத்துச் சின்னப் படம் போட்டுப் பார்ப்பேன், பென்சிலால் அல்ல, தடித்த கறுப்புப் பேனையால். பென்சில் சாம்பல் நிறத்துக்கு இடம் கொடுத்துவிடும். பிறகு மையில் அந்தச் சாம்பலை எங்கே வைப்பது? பத்தில் ஒன்றாவது தேறும். கறுப்பும் வெள்ளையும் சரிபாதியாக விழுந்த படங்களை முதலில் கழித்துவிடுவேன். இரண்டும் சமமாக இருந்தால் இரண்டுக்கும் அழுத்தமில்லை. என் லயத்துப் படத்தில் மூன்றில் இரண்டு பங்கு வெள்ளை. பனி அவ்வளவு இடத்தைத் தின்றுவிட்டது.

மையைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், காசு வீணாவது அங்கேதான். இந்தியன் இங்க் என்பது அடிப்படையில் புகைக்கரி. அதைப் பிடித்துவைக்க அரக்கோ பசையோ சேர்த்திருப்பார்கள். விளக்குப் புகையைத் தட்டில் பிடித்து, ஆமணக்கெண்ணெயில் குழைத்து, பிள்ளைக்குக் கண்ணில் தீட்டியதும் இதே கரிதான். இரண்டையும் நாம் மை என்றே சொல்வதில் நியாயம் இருக்கிறது. கரி வெயிலில் வெளுக்காது. அரக்கு சேர்த்த மை காய்ந்தபின் தண்ணீருக்கு அசையாது. ஊற்றுப்பேனைக்குப் போடுகிற மை வேறு: பெரும்பாலும் சாயம், ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் நீலமாக ஊரும். (இந்தியன் இங்கை ஊற்றுப்பேனைக்குள் ஊற்றிவிடாதீர்கள். அரக்கு உள்ளேயே காய்ந்து பேனை செத்துப்போகும். என்னிடம் அப்படி ஒரு பேனை இருக்கிறது.) தண்ணீருக்கு அசையாது என்று குப்பியில் அச்சிட்டிருந்ததை நம்பி டவுனில் ஒரு கடையில் வாங்கிய மை, கூரை ஒழுகிய ஒரே இரவில் ஒரு முழுப் படத்தையும் அழ வைத்தது. அதற்குப் பிறகு புதுக் குப்பி வாங்கினால் முதலில் ஒரு கோடு இழுத்து, ஒரு நாள் காயவைத்து, ஈர விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவேன்.

காய்வதும் இங்கே தனிக் கதை. யாழ்ப்பாணத்து வெயிலில் சட்டென்று இறுகிவிடுகிற மை, மழைக்கால நுவரெலியாவில் பிசுபிசுவென்று கிடக்கும். கை பட்டால் வெள்ளை போயிற்று. வலக்கைக்காரர் இடது மேல் மூலையிலிருந்து தொடங்கி, கைக்குக் கீழே ஒரு துண்டுத் தாளை வைத்துக்கொண்டு இறங்கி வர வேண்டும். அவசரப்பட்டு அடுப்படிக்கு மேலே தொங்கவிட்டால் வெள்ளையில் கரித்தூள் புள்ளி விழும், தாளும் பழுக்கும். அனுபவம்.

தாளுக்கு வருவோம். டிமை பேப்பர் வேண்டவே வேண்டாம். அகலமாக மை பூசினதும் கூரைத் தகரம் மாதிரி நெளிந்துவிடும். புத்தகக்கடைகளில் பிரிஸ்டல் போர்ட் என்று விற்கிற அட்டை பரவாயில்லை, ஆனால் ஈரத்தில் நாள்பட்டுக் கிடந்ததாக இருந்தால் மை நார் நாராகப் பரவி விளிம்பு மயிர் விட்டதுபோல் ஆகும். விட்ட இடத்தை நம்பி வரைகிற படத்துக்கு விளிம்பு கூர்மையாக இல்லாவிட்டால் எதுவுமே இல்லை. சதுர மீற்றருக்கு 200 கிராமுக்குக் குறையாத, வழவழப்பான தாள் இரண்டு வாங்கி, வாங்கின அன்றே பொலித்தீன் உறைக்குள் போட்டு, சப்பாத்துப் பெட்டிகளில் வருகிற அந்தச் சின்ன உலர்த்திப் பொட்டலங்களில் நாலைந்தையும் உள்ளே போட்டுவையுங்கள். வரைகிறபோது நாலு பக்கமும் டேப் ஒட்டிப் பலகையில் இறுக்க வேண்டும்.

தூரிகை 8ஆம் எண், நுனி கூராகச் சேரக்கூடியது. செயற்கை மயிரே போதும். மை அதிலே காய்ந்தால் தூரிகை விறகாகிவிடும், ஆகவே தேத்தண்ணி குடிக்க எழுந்தாலும் கழுவிவிட்டு எழ வேண்டும்.

தூரிகைக்குப் பதிலாகப் பேனையாலேயே விட்டு வரைய முடியாதா என்று கேட்பார்கள். ஏ5 அளவுக்குள் தாராளமாக முடியும். மலையேறிப் போய் உட்கார்ந்து வரைகிற நாட்களில் நானே பேனைதான் கொண்டுபோகிறேன்; குப்பி கவிழ்கிற பயமில்லை. சகுராவின் பிக்மா மைக்ரோன் மாதிரிப் பேனைகளில் இருப்பது சாயம் அல்ல, நிறமி. தண்ணீருக்கும் வெயிலுக்கும் தாங்கும். ஆனால் ஏ3? ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏ3 தாள் 297க்கு 420 மில்லிமீற்றர். 05 எண் பேனையின் கோடு 0.45 மில்லிமீற்றர். தாளில் பாதியைக் கறுப்பாக்க, கோட்டின் மேல் கோடு படாமல் போட்டாலும் 138 மீற்றருக்கு மேல் கோடு இழுக்க வேண்டும். ஒரு மலையை ஒற்றை ஆளாகக் கொழுந்து பறித்து முடிக்கிற கதை. முடித்த பிறகும் அது கறுப்பாக இராது, வரி வரியாக இருக்கும். தடித்த பிளாட்டிக்னம், பெர்மனன்ட் மார்க்கர் வகைகள் வேகமாக நிரப்பும். ஆனால் மை தாளுக்குப் பின்னால் ஊறும், பூச்சு ஒன்றன்மேல் ஒன்று பட்ட இடமெல்லாம் பட்டையாகத் தெரியும், சுவரில் வெயில் படுகிற இடத்தில் மாட்டினால் வருடங்கள் போகப் போகப் பழுப்பாகும். சின்னப் படம் போட்டுப் பார்க்க மட்டும் அவற்றை வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது வழி, மூடுவது. மாஸ்கிங் புளூயிட் என்று ஒரு திரவம் விற்கிறார்கள். வெள்ளை வேண்டிய இடத்தில் அதைப் பூசி, காய்ந்ததும் மேலே தாராளமாக மை அடித்து, மையும் காய்ந்தபின் விரலால் தேய்த்து உரிக்க வேண்டும். பெயர்தான் பெரிசு, உள்ளே இருப்பது ரப்பர் பால், இறுகாமல் இருக்க அமோனியா சேர்த்தது. கேகாலை, இரத்தினபுரிப் பக்கம் மரத்திலிருந்து வடிக்கிற அதே பால் கப்பலேறிப் போய் சின்னக் குப்பியில் பெரிய விலையோடு திரும்பி வருகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். ஈரமேறிய தாளில் பூசினால் உள்ளே ஊறிப் பிடித்துக்கொண்டு, உரிக்கிறபோது தாளின் தோலையும் சேர்த்துக் கழற்றிவிடும். நம் ஊரில் தாள் ஈரமேறாத மாதம் குறைவு. தடித்த மையாக இருந்தால் விளிம்பு பிய்ந்து வரும். என் லயத்துப் படத்தில் கூரை விளிம்பு எலி கடித்தது போல ஆயிற்று.

ஆனாலும் ஒரு காரியத்துக்கு இதை விட்டால் ஆளில்லை. பழைய பல் துலக்கும் பிரஷில் தொட்டுச் சுண்டினால் விழுகிற புள்ளிகள். அருவிச் சாரலுக்கும் மழைத்தூறலுக்கும் கை வைத்து வரைந்தால் அந்த ஒழுங்கின்மை வராது. சென் கிளேயர் அருவியை இப்படி ஒரு முறை செய்தேன். மேல் கொத்மலை நீர்மின்திட்டம் 2012இல் ஓடத் தொடங்கிய பிறகு அந்த அருவியில் விட்டு வரைய வெள்ளையும் முன்போல் இல்லை என்பது வேறு விஷயம். மெழுகுதிரித் துண்டால் தேய்த்துவிட்டு மேலே மை பூசுகிற பள்ளிக்கூட வித்தையும் இதே குடும்பம்தான். செலவில்லை, கட்டுப்பாடும் இல்லை.

மூன்றாவது, வைப்பது. அக்காள் மகள் கேட்ட வெள்ளைப் பேனை இங்கேதான் வருகிறது. ஜெல் பேனை, வெள்ளைப் பெயின்ட் மார்க்கர், போஸ்டர் கலர் வெள்ளை, ஏன், எழுத்துப் பிழையை மறைக்கிற டிப்பெக்ஸ் கூட. கறுப்பு அடித்துவிட்டு, நிதானமாக யோசித்து, வேண்டிய இடத்தில் வெள்ளை வைக்கலாம். தவறினால் மேலே மறுபடி கறுப்பு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அரக்கு மையின் மினுக்குப் பரப்பில் ஜெல் பேனை சறுக்கும், விட்டு விட்டு எழுதும். முதல் பூச்சில் வெள்ளை வெள்ளையாக இராது, நீலம் பாய்ந்த சாம்பலாக இருக்கும். இரண்டாம் பூச்சு போட்டால் மேடு தட்டும். பனி மாதிரி அகலமான வெள்ளையை இதில் கொண்டுவரப் பார்த்தபோது எனக்குக் கிடைத்தது சுண்ணாம்பு அடித்த சுவர்.

இங்கே ஒரு முக்கியமான கேள்வி: படம் கடைசியில் எங்கே போகப் போகிறது? அச்சுக்குப் போகிற படமென்றால் இந்தக் குறையெல்லாம் கணக்கில் வராது. கறுப்பு வெள்ளை மட்டுமாக ஸ்கேன் செய்தாலோ போட்டோ கொப்பி எடுத்தாலோ மேடும் தெரியாது, சாம்பலும் தெரியாது. பத்திரிகைக்கும் சித்திரக்கதைக்கும் வரைந்தவர்கள் காலங்காலமாக வெள்ளைப் பூச்சில்தான் பிழை திருத்தினார்கள். படமே சுவரில் தொங்கப் போகிறதென்றால், பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்ததும் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி எல்லாம் தெரியும். அவளுடையது சுவருக்கு. கறுப்பு பிரிஸ்டல் போர்ட்டில் நேராக வெள்ளைப் பேனையால் வரையலாமே என்பதையும் யோசித்தோம். இரவுக் காட்சிக்கு நல்லது, செலவும் குறைவு. ஆனால் அந்த அட்டையின் கறுப்பு இந்தியன் இங்கின் பக்கத்தில் வைத்தால் நாலு தரம் துவைத்த கறுப்பு.

கடைசி வழி, சுரண்டுவது. வெள்ளைக் களிமண் பூசி மேலே மை அடித்த அட்டை வெளிநாடுகளில் தனியாகவே கிடைக்கிறது. நான் செய்தது வீட்டு முறை. வெள்ளை ஒயில் பேஸ்டலை அட்டையில் அழுத்தித் தேய்த்து, இந்தியன் இங்கில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவுகிற திரவம் கலந்து மேலே பூச வேண்டும். அது கலக்காவிட்டால் மை மெழுகில் ஒட்டாமல் முத்து முத்தாக ஓடும். இரண்டு நாள் காய்ந்தபின் ஆணியாலோ பழைய கொம்பாசு முனையாலோ கீறலாம். லயத்துப் படத்துக்கு இது பொருந்தவேயில்லை; பனியைச் சுரண்டி எடுக்கச் சுரண்டி எடுக்க மணிக்கட்டு வலித்ததுதான் மிச்சம், அந்தப் பனியும் கீறல் கீறலாக அழுக்குப் பனி. ஆனால் மிச்சமிருந்த அட்டையில் இரவில் தெரிகிற ஸ்டோரை, அதாவது தேயிலைத் தொழிற்சாலையை வரைந்தேன். கொழுந்து வாட்டுகிற மாடிகளின் நீளமான ஜன்னல் வரிசைகள் எரிய, சுற்றிலும் மலை முழுக்க இருட்டு. அரை மணி நேரத்தில் முடிந்தது. நாலு தாளில் எது நன்றாக இருக்கிறது என்று வீட்டுக்கு வருகிறவர்களைக் கேட்டால், போட்டியிலேயே இல்லாத இந்த ஐந்தாவதைத்தான் காட்டுகிறார்கள். கொஞ்சம் எரிச்சல்தான்.

அந்த எரிச்சலில்தான் விஷயம் பிடிபட்டது. எந்தப் பேனை என்பதற்கு முன்னால், நெருப்புப்பெட்டிப் படத்தில் வெள்ளை எவ்வளவு, எந்த மாதிரி வெள்ளை என்று பார்க்க வேண்டும். அகலமாக, அமைதியாகக் கிடக்கிற வெள்ளை (பனி, வானம், ஈரத் தகரம், நீர்த்தேக்கத்தின் பரப்பு) என்றால் விடுவது ஒன்றே வழி. இருட்டு ஆட்சி செய்து வெள்ளை அங்கங்கே ஊசிக் குத்தாக இருந்தால் சுரண்டலாம், அச்சுக்கென்றால் வைக்கலாம். சிதறின வெள்ளை என்றால் மூடிச் சுண்டலாம். நான் முதலில் செய்த தப்பு, ஒரே காட்சியை எல்லா வழிக்கும் கொடுத்து எது வெல்கிறது என்று பார்த்தது. பனிக் காட்சியைக் கொடுத்துவிட்டுச் சுரண்டலைத் தோற்றுவிட்டதென்று சொல்வது, கவ்வாத்து மலையில் கொழுந்து நிறை கேட்பது போல.

போனில் வரைவது பற்றி அவள் கேட்கவில்லை, நானும் பேச்செடுக்கவில்லை. ஒத்திகைக்கு மட்டும் போனைப் பயன்படுத்தினோம்: படத்தைப் பிடித்துத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பது. தலைகீழாகப் பார்த்தால் லயம், மலை என்ற பெயரெல்லாம் போய்விடும்; கறுப்பு எங்கே கனக்கிறது என்பது மட்டும் தெரியும்.

அவள் தேர்ந்தெடுத்த காட்சி என்னுடையதைவிடத் துணிச்சல். கவ்வாத்து வெட்டிய தேயிலை மட்டும், தாளின் கீழ் மூன்றில் ஒரு பங்கில். இலையில்லாத கிளைகள் விரல் விரித்த மாதிரி கன்னங்கறுப்பாக. அதற்கு மேலே வெறும் தாள். வலது ஓரத்தில் மட்டும், பனிக்குள்ளிருந்து லயத்தின் ஒரு மூலை இருட்டாக நீட்டிக்கொண்டிருக்கும். வெள்ளை அவ்வளவு இருந்தால் வெள்ளைப் பேனைக்கு என்ன வேலை? ஒரு குப்பி மை, 8ஆம் எண் தூரிகை ஒன்று, தாள் இரண்டு என்று எழுதிக் கொடுத்து டவுனுக்கு அனுப்பினேன். இரண்டாவது தாள் கெடுப்பதற்கு. கெடுக்க ஒரு தாள் கையில் இல்லாவிட்டால் கை நடுங்கும். முதல் தாளை இரண்டாம் நாளே கெடுத்தாள். கிளைகளுக்கு நடுவில் தெரிய வேண்டிய சின்னச் சின்ன வெள்ளையை எல்லாம் அவசரத்தில் அடைத்துவிட்டாள். இரண்டாவதில் கிளையை விட்டுவிட்டு அந்த இடைவெளிகளின் வடிவத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகக் காப்பாற்றினாள். நான்கு மாலை பிடித்தது.

கண்காட்சி அன்று போய்ப் பார்த்தேன். வாசலிலிருந்தே அறைந்தது. கிட்டப் போனபோது, லயத்து மூலையின் இருட்டில், இஸ்தோப்பு பல்ப் இருக்க வேண்டிய இடத்தில், மிளகளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி லேசாக மேடு தட்டியிருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன். டிப்பெக்ஸ். தூரிகையில் மிச்சம் பிடித்த காசுக்கு வாங்கியிருக்கிறாள் போல. அந்தப் புள்ளி இல்லாவிட்டால் அந்த மூலை வெறும் கறுப்புக் கட்டியாகத்தான் இருந்திருக்கும். பக்கத்தில் நின்றுகொண்டு என் முகத்தையே பார்த்தாள். நான் தேயிலைக் கிளைகளைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வந்தேன்.